முகத்தில் வலை விழுந்த படம்

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்களின் கலியாண வீட்டில் ஐயர் பெரியவரா, மாமனார் பெரியவரா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இரண்டு பேருமில்லை. கமராவைத் தோளில் போட்டிருக்கும் அற்புதமலர்தான் பெரிய ஆள். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைத்தால், "தம்பி, கையைக் கொஞ்சம் இறக்கிப்போட்டுத் திரும்பக் கட்டும்" என்பார். மாப்பிள்ளையும் திரும்பக் கட்டுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியே விட்டாலும் மலரக்கா விடமாட்டார்.

குத்துவிளக்கு மறைத்தால் நகர்த்தச் சொல்வார். மாமியார் மறைத்தால் மாமியாரையும் நகர்த்துவார். வலது கையை விரித்து உயர்த்தினால் 'பொறு' என்று அர்த்தம். அவர் வாயால் 'சரி' என்று சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது. எங்கள் சனமும் லேசுப்பட்டதில்லை. கலியாண அல்பத்தில் தன் முகம் தெளிவாக விழவில்லை என்றால் இரண்டு வருசத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்காது. அதனால் எல்லாரும் அவருக்கு அடங்கினார்கள். இருபது வருசமாக அடங்கினார்கள். அந்தப் பழக்கம்தான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான் யூலியானா. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் மலரக்கா இருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் காலையில் வீடு துடைக்கும் வேலை. மலரக்காவின் புருசன் ஓர் உணவகத்தில் சமையல். சனி ஞாயிறுகளில் மலரக்கா சடங்குகளுக்குப் படம் எடுப்பார். மற்ற நாட்களில் அவருடைய முன்னறையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருக்கும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நாலு படம் வேண்டுமென்றால் தமிழர், மொரீசியஸ்காரர் எல்லாரும் அந்தக் கதிரையில் வந்துதான் இருப்பார்கள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கமரா கையில் இருக்கும்போது ராணி. கமராவைக் கீழே வைத்தால் பயந்தாங்கொள்ளி. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் இருந்து கடிதம் வந்தால் என்னைக் கூப்பிட்டுத்தான் பிரிப்பார். இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு மூன்று வருசம் ஆகியிருந்தது. 'கடைசிக் கட்டம்' என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கவும் மாட்டார். ஏதும் வழக்கில் பெயர் ஏறிவிட்டால் எல்லாம் போச்சு என்பார்.

போன மார்கழியில் அவர் வேலை செய்யும் வீட்டு எசமானியம்மாவின், அதாவது சிஞ்ஞோராவின், மகன் அந்த்ரேயா ஒரு புதினமான காரியம் செய்தான். விழாக்கள் நடத்துவதுதான் அவன் தொழில். வடக்கில் இருந்து இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். காசு வாங்கி விளையாடும் பெரிய ஆட்டக்காரர்கள். கண்காட்சி மண்டபத்துக்குள் குழாய்களைப் பரப்பி, தண்ணீரை உறைய வைத்து, பனித்தரை போட்டான். பலெர்மோவில் பனி என்றால் நாங்கள் எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுக் குடிப்பதுதான். படம் எடுக்க வரவிருந்த ஆள் காய்ச்சலில் விழுந்துவிட்டான். சிஞ்ஞோரா மலரக்காவைக் கேட்டார். சிஞ்ஞோராவுக்கு 'இல்லை' என்று சொல்லி மலரக்காவுக்குப் பழக்கமில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்தவர் என் வீட்டுக்கு நேரே ஏறி வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை.

"யூலி, எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தக் கறுப்பு வட்டு, பக் எண்டு சொல்லுறாங்கள், அது றப்பர் எண்டுதான் நினைச்சன். குளிர்ப்பெட்டிக்கை வைச்சுக் கல்லாக்கி எடுக்கிறாங்கள். ஒருத்தன் அடிச்சது எனக்கு முன்னாலை கண்ணாடித் தடுப்பிலை வந்து பட்டுது. நான் அப்பிடியே நிலத்திலை இருந்திட்டன்."

"அப்ப போகாதேங்கோ."

"சிஞ்ஞோராவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அவருக்குக் கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதில் லென்ஸை நுழைக்க உள்ளங்கையளவு ஓட்டை ஒன்றும் வெட்டியிருந்தார்கள். இரண்டு கோல்களுக்கும் பின்னால் இருந்த சனத்துக்கு, கண்ணாடிக்கு மேலே கூரைவரை வலை கட்டியிருந்தது. வட்டு கண்ணாடியைத் தாண்டி எழும்பினாலும் வலை பிடித்துக்கொள்ளும். இந்த வலையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஆட்டம். எனக்கும் ஒரு இலவச ரிக்கற் கிடைத்தது. சிவப்பு அணிக்கு ஒரு கூட்டம், நீல அணிக்கு ஒரு கூட்டம் விமானம் ஏறி வந்திருந்தது. மாட்டு மணிகளும் மேளமும் கொண்டுவந்து, குளிர்ச்சட்டைக்கு மேலே அணிச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் பலெர்மோக்காரருக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சிவப்பைத் தத்தெடுத்துக்கொண்டு கால்பந்துப் பாட்டுகளையே பாடினார்கள். ஆட்டக்காரர் இரண்டு பேர் மோதி விழுந்தால் கோல் விழுந்த மாதிரிக் கத்தினார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஆட்டத்தில் பார்க்க வருகிறவர்கள் கரடிப் பொம்மை கொண்டுவருவார்கள். தங்கள் அணி முதல் கோல் போட்டவுடன் எல்லாப் பொம்மையையும் பனித்தரையில் எறிவார்கள். பிறகு பொறுக்கிச் சாக்குகளில் கட்டி, ஆசுபத்திரியில் கிடக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். கோலுக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இருத்தியிருந்தார்கள். மடி நிறையக் கரடி.

மலரக்கா எதிர்ப்பக்கத்தில் இருந்து பெரிய லென்ஸால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். பனியின் வெள்ளை கமராவை ஏமாற்றும், படம் இருண்டுபோகும். ஆனால் தேவாலயக் கலியாணங்களில் வெள்ளை உடுப்புப் பெண்களை எடுத்துப் பழகிய கை, வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டது. முகங்கள் பளிச்சென்று வந்தன. ஒரேயொரு குறை. ஒவ்வொரு முகத்திலும் வலையின் கோடுகள் விழுந்திருந்தன.

வலைக் கம்பத்தடியில் நின்றவர் குமாரென். மொரீசியஸ்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய பூட்டன் காலத்தில் தமிழ். இப்போது முருகன் பெயரும் 'வணக்கம்', 'சரி' என்ற இரண்டு சொல்லும்தான் மிச்சம். மாசி பங்குனியில் சியாகுல்லித் தோட்டங்களில் மாண்டரின் தோடம்பழம் பறிப்பார். மற்ற மாதங்களில் கிடைக்கிற வேலை. இந்த மண்டபத்தில் வலையைக் கட்டியது அவரும் இன்னும் மூன்று பேரும். அவருடைய மகள் ஷ்லோயேயின் கலியாணத்துக்கு மலரக்காதான் படம் எடுத்தார். அன்று மகளின் தலையில் கையை வைத்தபடி, மலரக்கா 'சரி' சொல்லும்வரை மூன்று நிமிடம் கல்லாக நின்ற மனுசன் அவர்.

மலரக்கா கண்ணாடியைச் சுற்றி நடந்து போனதை நான் பார்த்தேன். இத்தாலியனில் என்ன கதைத்தார் என்பதைப் பிறகுதான் சொன்னார். "குமாரென், இந்தப் பக்கத்து வலையைக் கொஞ்சம் கம்பத்தோடு ஒதுக்குங்கள். முகம் தெரியவில்லை. பொம்மை எறியவும் லேசாக இருக்கும். எடுத்து முடிந்ததும் நான் சொல்கிறேன், மூடிவிடலாம்." கலியாண வீட்டில் பூச்சாடியைத் தூக்கச் சொல்லும் அதே குரலில் சொல்லியிருப்பார். குமாரென் கயிற்றை இழுத்தார். திரைச்சீலை மாதிரி வலை ஒதுங்கியது.

ஆறாவது நிமிடம் சிவப்பு கோல் போட்டது. என் வாழ்நாளில் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. நாலு பக்கத்திலும் இருந்து கரடிகள் பறந்தன. பிள்ளைகளின் கைகள் மேலே, வாய்கள் திறந்து, கண்கள் விரிந்து. மலரக்கா எடுத்துத் தள்ளினார். தரை முழுக்கப் பொம்மை. அவற்றைப் பொறுக்கவே பதினைந்து நிமிடம் போனது. அதற்குள் அந்த்ரேயா ஓடி வந்து, படங்களை உடனே ஃபோனுக்கு அனுப்பு, இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்று அவசரப்படுத்தினான். மலரக்கா குனிந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் தூரத்தில் குமாரென் கையை உயர்த்தினார். மூடட்டுமா என்று சைகையால் கேட்டார். மலரக்கா நிமிர்ந்து பார்த்து, வலது கையை விரித்து உயர்த்தினார். 'பொறு'. திரும்பவும் ஃபோனுக்குள் குனிந்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. குமாரென் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நீல அணிக்காரன் ஒருவன் தூரத்தில் இருந்து அடித்த வட்டு, கோல் கம்பியில் பட்டு மேலே எழும்பியது. சத்தம் பெரிதாக வரவில்லை. மற்றப் பக்கத்துச் சனம் பாடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி மட்டும் இல்லை. அவள் இருந்த இடத்தைச் சுற்றிப் பெரியவர்கள் குனிந்து நின்றார்கள்.

ஒன்பது வயது. பெயர் மார்த்தினா. வலது கண்.

அந்தக் கிழமை முழுக்க அல்பெர்கேரியாவில் இதே கதைதான். வலையைத் திறந்தவன் ஒரு மொரீசியஸ்காரன், சொந்தப் புத்தியில் திறந்தானாம் என்றார்கள். அந்த்ரேயாவின் கொம்பனி, தங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தது. அதுவும் பொய்யில்லை. குமாரெனை அன்றைக்கே வேலையால் நிறுத்தினார்கள். தை மாதம் அவருடைய பெர்மெஸ்ஸோ முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதைப் புதுப்பிக்கப் போகிறவனின் பாடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பாவம் என் வீட்டுக்குக் கீழே இருந்தது. மலரக்கா ஜன்னல் திறப்பதில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கமரா கார்ட்டைச் சின்னப் பெட்டியில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தார். கைப்பையைக் குளியலறைக்கும் கொண்டு போனார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மா சொன்னதில்லை.

ஒருநாள் என்னை இருத்தி, கமராவின் திரையில் இரண்டு படம் காட்டினார். அடுத்தடுத்து எடுத்தவை. முதலாவதில் மார்த்தினா ஒரு மண்ணிறக் கரடியைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள், முகம் முழுக்க வலைக் கோடு. இரண்டாவதில் கோடு இல்லை. பல்லுவரிசையில் விழுந்த பல்லின் இடம்கூடத் தெரிகிறது. இருபது வருசத்தில் மலரக்கா எடுத்த படங்களில் அதைவிட நல்ல படம் இல்லை.

"இதிலை நேரமும் விழுந்திருக்கு, யூலி. ரெண்டுக்கும் இடையிலை மூண்டு நிமிசம். வலையைத் திறந்தது ஆருக்காக எண்டு பாக்கிறவைக்கு விளங்கும்."

"ஆர் பாக்கப் போகினம்? அழிச்சுப் போடுங்கோ."

சொன்னவள் நான்தான். மறைக்க மாட்டேன். எனக்கும் பயம். நானும் அந்த மண்டபத்தில் இருந்தவள், அந்தக் கையைப் பார்த்தவள். என் பெர்மெஸ்ஸோவிலும் முடியும் திகதி இருக்கிறது. "உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. குமாரென் வாய் திறக்கேல்லை. மூண்டு வருசம் காத்திருந்த கடதாசியை நீங்களே கிழிக்கப் போறியளோ?" என்றும் கேட்டேன்.

"அழிச்சா வலை திரும்ப மூடுமோ?" என்றார். ஆனாலும் விரலை அந்தப் பொத்தானில் கொண்டுபோய் வைத்தார். 'அழிக்கவா?' என்று கமரா கேட்டது. விரல் பொத்தானிலேயே கிடந்தது. அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கடைசியில் கமரா தானாகவே அணைந்துபோனது.

நத்தாருக்கு அடுத்த நாள் சிஞ்ஞோரா சொன்ன செய்தியைக் கேட்டு வந்து, மலரக்கா சோறு தின்னவில்லை. பொறுக்கிய கரடிச் சாக்குகளைப் பிள்ளைகளின் ஆசுபத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். கட்டில் கட்டிலாகப் பங்கிட்டார்களாம். மார்த்தினாவுக்கும் ஒன்று கிடைத்ததாம். யாரோ நோய்ப்பட்ட பிள்ளைக்கு என்று அவள் எறிந்தாள். யாரோ எறிந்தது அவளிடம் போனது.

தை ஏழாம் திகதி காலை பத்து மணி. நான் கீழே மலரக்காவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. மலரக்கா கோப்பையை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்து அணைத்துக்கொண்டார். நான்தான் போய்த் திறந்தேன். குமாரென் நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார்.

பழி கேட்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். மலரக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சிஞ்ஞோரா மலர், நாலு படம் வேண்டும். பெர்மெஸ்ஸோவுக்கு" என்றார் குமாரென் இத்தாலியனில். "நாளைக்கு என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே கட்டடம்தானே, படத்தையும் கையோடு கொண்டு போகலாம்."

அவர் போய்க் கதிரையில் இருந்தார். மலரக்கா கமராவைத் தூக்க இரண்டு தரம் முயன்றார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"திறந்தது நான் என்று. அது உண்மைதானே? மூடாமல் நின்றதும் நான். கயிறு என் கையில் இருந்தது. கண்ணும் எனக்கு இருந்தது."

"என் பெயர்?"

"சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேர் போவோம். இப்போது ஒரு ஆள்." கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னார். "ஷ்லோயேயின் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, சிஞ்ஞோரா. என் கை அவள் தலையில். நன்றாக எடுத்தீர்கள்."

பிறகு முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்து, நேரே பார்த்தார். மலரக்கா பொத்தானை அழுத்தினார். நாலு தரம் அழுத்தினார். படம் எடுத்து முடிந்துவிட்டது. குமாரென் அசையவில்லை. கண்ணை இமைக்காமல் கமராவையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஏன் இன்னும் இருக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர் 'சரி' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்.

மலரக்காவால் அதைச் சொல்ல முடியவில்லை. மண்டபத்திலும் இந்த மனுசன் இப்படித்தானே நின்றிருப்பான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு என்று அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது என்றார் பிறகு. கமராவை மேசையில் வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதார். நான் அவரைத் தூக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

அழுது முடிந்ததும் எழும்பி, பிரிண்டரைப் போட்டு, குமாரெனின் நாலு படத்தையும் அடித்தார். அதோடு இன்னும் இரண்டு படம் அடித்தார். மார்த்தினாவின் படங்கள்.

அடுத்த நாள் காலை நாங்கள் மூன்று பேரும் வியா மக்வேதாக் கடைத்தெரு வழியே நடந்து போனோம். கடைகளில் மலிவு விற்பனை. சனம் இடித்துக்கொண்டு போனது. மலரக்கா என் கையை இறுக்கிப் பிடித்ததில் என் மோதிரம் விரலுக்குள் அழுந்தியது. மூன்று தரம் நின்றார். மூன்றாவது தரம், "யூலி, நான் திரும்பிப் போறன்" என்றார். "போங்கோ" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போய் வலையை ஒதுக்கினது ஆரெண்டு அந்த வெள்ளைச் சுவரிட்டைச் சொல்லுங்கோ." அவர் திரும்பவில்லை. குமாரென் இரண்டடி முன்னால் நின்று, எங்களைப் பார்க்காமல் ஒரு சப்பாத்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கு நடக்கிறது. குமாரென் பெயரோடு மலரக்காவின் பெயரும், கொம்பனியின் பெயரும் அதில் இருக்கின்றன. குமாரெனுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை; ஆனால் சொந்தப் புத்தியில் திறந்தவன் என்ற பேச்சு நின்றது, மாண்டரின் தோட்டத்து முதலாளி ஒருவர் வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். மலரக்காவின் குடியுரிமைக் கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது நகரும் என்று தெரியாது. மார்த்தினாவின் வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறதாம், உருவம் தெரிவதில்லையாம்.

அன்றைக்குக் குவெஸ்தூராவின் தாழ்வாரத்தில் இருப்பதற்கு ஒரு நீள வாங்கு. அதில் ஒரு பெண் தனியாக இருந்தார். குமாரென் மெல்லச் சொன்னார், பிள்ளையின் தாய் என்று. உள்ளே கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. மலரக்கா என் கையை விட்டார். போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றார்.

"சிஞ்ஞோரா, வலையை ஒதுக்கச் சொன்னது நான். படத்துக்காக. மூடச் சொல்ல மறந்ததும் நான். இந்த மனிதர் என் சொல்லைக் கேட்டார், அவ்வளவுதான்."

மலரக்கா உறையில் இருந்து இரண்டு படத்தையும் எடுத்து அவருடைய மடியில் வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டையும் கையில் எடுத்து, நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். தெளிவான படத்தை, அந்த நல்ல படத்தை, கவிழ்த்து வாங்கில் வைத்தார். மற்றதை விடவில்லை.

"இதை நான் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

"அதில் பிள்ளையின் முகத்தில் வலை விழுந்திருக்கிறது, சிஞ்ஞோரா" என்றார் மலரக்கா. பழக்க தோசம்.

"தெரியும்" என்றார் தாய். படத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.